தொட்டிக்கு எந்த மூடி?

எங்கள் வீட்டில் மீன் வாங்கினதும் கிடையாது, அறுத்ததும் கிடையாது. சைவக் குடும்பம். மீன்காரி தெருவில் கூவிக்கொண்டே வந்தால் எங்கள் வாசலை மட்டும் சத்தமில்லாமல் கடந்து போவாள். அப்பேர்ப்பட்ட வீட்டின் முன்னறையில் இப்போது ஒரு சாண் நீள மீன் ஒன்று ராஜா மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தது. அவளுடைய அப்பா வளர்த்த மீன். அவர் இறந்த பிறகு, அந்த வீட்டிலிருந்து எனக்கு வேணும் என்று அவள் கேட்ட ஒரே பொருள் அந்த மீன்தொட்டிதான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அப்பா நெனப்புக்கு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. பாத்துக்கோங்க" என்றாள். போயிட்டு வா மக்கா, நான் இருக்கேன் என்று பெரிய இவளாகச் சொல்லிவிட்டேன். கார் தெருமுனை திரும்பியதும்தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதே உறைத்தது. மீன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே பழக்கமில்லை எனக்கு. மகனுக்கோ திருவனந்தபுரத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் தலை காட்டுவான்.

தொட்டிக்குள் செடிகள். செடிகளுக்காக மேலே ஹாலஜன் விளக்கு. பகலெல்லாம் எரியணும், இல்லாவிட்டால் செடி அழுகித் தண்ணி கெட்டுப்போகும் என்பது மகனின் உத்தரவு. அந்த விளக்குக்கு அடியில் கையை வைத்தால் தோசைக்கல்தான். ஒரு மத்தியானம் மீன் வாலால் ஓங்கி அடித்த தண்ணீர், சுட்டுக் கிடந்த கண்ணாடி மூடியில் பட்டது. படீரென்று மூடி இரண்டாகப் பிளந்தது. மூடி இல்லாவிட்டால் இந்த ஜாதி மீன் வெளியே குதித்துவிடும் என்று மருமகள் சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, கைக்குக் கிடைத்த சுளவை எடுத்துக் கவிழ்த்தேன். அரிசி புடைக்கிற சுளவு. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை.

விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியில் ஒட்டியிருந்த கோயம்புத்தூர் கடையின் நம்பரைக் கூப்பிட்டேன். "தம்பி, மீனு சாடும். என்ன மூடி போடணும்?"

"யாரைச் சாடுதுங்கம்மா?"

"யாரையும் இல்லப்பா. அதுபாட்டுக்குச் சாடும்."

"அப்ப நடுவுல ஒரு தடுப்பு வெச்சு, கூட இருக்கிற மீனைப் பிரிச்சு விட்டுருங்க."

"கூட வேற மீனே இல்லியே!"

"அப்புறம் யாரைத்தாங்க சாடுது?"

போனை வைத்துவிட்டேன். நமக்குச் சாடுவது என்றால் குதிப்பது. அவர்களுக்கு அது மேலே பாய்ந்து அடிப்பதாம், வைவதாம். சாயங்காலம் மகன் போனில் சொல்லித்தான் தெரியும். சவம், எல்லாம் ஒரே தமிழ்தானே!

மறுநாள் பக்கத்து ஊரான கருங்கலில் கண்ணாடிக் கடைக்காரர், சூடு தாங்குகிற டஃபன் கண்ணாடிதான் சரி, ஆனால் அளவு கொடுத்துச் செய்து வர நாளாகும் என்றார். கடைசியில் அதுதான் வந்தது, விளக்கையும் உயர்த்திக் கட்டினோம். ஆனால் அன்று எனக்கு இருந்த பதற்றத்தில், வெப்ராளத்தில் காத்திருக்கப் பொறுமை ஏது? நேரே மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். "ஃபைபர் போடுங்கக்கா, உடையவே உடையாது" என்று ஒருத்தர் கண்ணாடி போலவே ஒன்றை வெட்டிக் கொடுத்தார். உடையத்தான் இல்லை. விளக்குச் சூட்டில் நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் பப்படம் மாதிரி மேலே வளைந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனால், "இது அக்ரிலிக் ஃபைபர். சூட்டுக்கு நீங்க பாலிகார்பனேட் ஃபைபர்லா கேட்டிருக்கணும்" என்கிறார். பக்கத்துக் கடையில் கேட்டால் ஃபைபர் என்றால் கூரைக்குப் போடுகிற தகடாம். எளவு, மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் மனுஷி என்னவென்று கேட்பாள்? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், கம்பிவலை போடுங்க, காத்தாவது போகும் என்றாள். மகனிடம் போனில் சொன்னால், வலை போட்டால் தண்ணி வற்றும், பல்லி விழும் என்றான். "ஏலே, அப்ப நீயே வந்து தொட்டி மேல உக்காந்துக்கோ" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும், போகும்போது தொட்டியில் கவிழ்த்திருந்த சுளவை எடுத்துவிட்டு, அவரிடமே வாங்கி வந்த பாலிகார்பனேட் ஃபைபரை வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரம் இடித்தது. சரி, தேய்த்து வைப்போம் என்று உப்புத்தாள் எடுக்க உள்ளே போனேன். திறந்த தொட்டியை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற புத்தி இல்லை. முன்னறையில் பொத்தென்று ஒரு சத்தம்.

ஓடி வந்தால் தரையில் கிடந்து துடிக்கிறது. "யாராவது வாங்களேன்!" என்று கூப்பாடு போட்டேன். யார் வருவார்கள்? பக்கத்து வீடு பூட்டியிருந்தது. குனிந்து எடுத்தேன், வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தேன். கடைசியில் ரெண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டேன். பக்கவாட்டில் சாய்ந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. "மக்களே, போயிராத, அந்தப் பிள்ள வயித்துப் பிள்ளையோட இருக்கு" என்று கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதேன். செவுள் மெல்ல அசைந்தது. அப்புறம் நிமிர்ந்து, ஒரு சுற்று நீந்தியது.

இடிக்கிற மூடியையே போட்டு, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். சேலை முன்பக்கம் முழுக்க நனைந்து, மீன் வாடை. அந்நேரம் பார்த்து மருமகளின் போன். எடுக்கலாமா வேண்டாமா, சொல்லலாமா மறைக்கலாமா, ஒன்றும் பிடிபடவில்லை.

"அத்தை, எப்படி இருக்கு?"

மீன் நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்து விழுந்தது வேறு.

"உங்கப்பா நல்லா இருக்காரு மக்கா."

ஐயோ, என்ன பேச்சு பேசிவிட்டேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் என்னென்னவோ சொல்லி மழுப்பப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"சாப்பிட்டாரா அத்தை?" என்று கேட்டாள்.