முகம் சுரண்டப்பட்ட பிள்ளை

இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சின்யோரா, உரோமை அரசர்கள் தங்கள் உருவங்களை வைத்து எப்படி ஆண்டார்கள் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை. கட்டு அவிழ்க்கும்வரை அவருக்குக் கண் நான்தான். பின்னேரங்களில் பெரிய பெரிய படப் புத்தகங்களை விரித்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று என் அரைகுறை இத்தாலியனில் சொல்லவேண்டும். கூட்டித் துடைத்துச் சமைப்பது போதாதென்று இது வேறு. எனக்கு எரிச்சல்தான்.

ஒருநாள் வட்டப் பலகையில் தீட்டிய ஒரு குடும்பப் படம் வந்தது. தாடி வைத்த அரசன், முத்துமாலை போட்ட அரசி, முன்னால் இரண்டு பிள்ளைகள்.

“ஒரு பிள்ளைக்கு முகம் இல்லை, சின்யோரா.”

அவர் கண்கட்டோடு கையை நீட்டினார். தடவித் தேடவில்லை. விரல் நேரே அந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

“அது தம்பி. தகப்பன் இறந்தபிறகு அண்ணன் அவனைக் கொன்றான். பிறகு நாடு முழுக்க அவன் முகத்தைச் சுரண்டச் சொன்னான். படம் வைத்திருந்தால் குற்றம். தாய் அழுதாலும் குற்றம்.”

கோப்பி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தது. என் அண்ணன் இருந்த இயக்கத்தை இன்னோர் இயக்கம் தடைசெய்து, அவரையும் சுட்டது. சுட்டவர்கள்தான் பிறகு ஊரை ஆண்டார்கள். அம்மா வாயில் சீலைத்தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதார். ஆபத்து என்று அண்ணனின் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டார். குடும்பப் படத்தை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. அதிலிருந்து அவருடைய முகத்தை அரை பிளேட்டால் வெட்டி எடுத்தவன் நான். வெட்டிய துண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கிழமைதான் அம்மாவின் கடிதம் வந்திருந்தது. ஊர் மறுபடி கைமாறியிருந்தது. “அவங்கள் இப்ப இஞ்சை இல்லை. இனிக் கொண்ணன்ரை படத்தை மாட்டலாம். எனக்கு அவன்ரை முகம் மறந்துகொண்டு வருது. அங்கை ஆரிட்டையாவது ஒரு படம் இருக்கோ எண்டு கேள் ராசா. கண் மூடமுன்னம் ஒருக்கால் பாக்கவேணும்.”

அண்ணனோடு படித்த ஒருவர் இதே நகரத்தில், போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்தார். தேடிப் போனேன்.

“ஓம் தம்பி, வகுப்புப் படம் ஒண்டு இருந்தது,” என்றார். “பயத்திலை எரிச்சுப்போட்டன்.”

கேட்பதற்கு வேறு ஆளில்லை.

மறுநாள் சின்யோரா ஒரு பளிங்குத் தலையைப் பற்றிச் சொன்னார். ஆட்சியிலிருந்து விழுந்த அரசனின் சிலைத் தலையைச் சிற்பி எறியமாட்டானாம். மயிரை மாற்றி, கன்னத்தைக் குறைத்து, அடுத்து வந்தவனின் தலையாக ஆக்கிவிடுவானாம்.

“சனத்துக்குத் தெரியாதா?”

“தெரியும். கேட்கமாட்டார்கள்.”

கபோ சந்தைப் பக்கம் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கண்ணாடிக்குள் முழுக்கக் கல்லறைகளில் பதிக்கிற முட்டைவடிவப் படங்கள். அண்ணன் சாகும்போது இருபத்தைந்து வயது. எனக்கும் இப்போது இருபத்தைந்து. தாடியை மழித்து, மீசையை மெல்லிதாக்கி, அவரைப்போல இடப்பக்கம் வகிடெடுத்துக்கொண்டு போனேன். கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னேன். படம் கைக்கு வந்தபோது அதற்குள்ளிருந்து அண்ணன் என்னை முறைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணனின் கூட்டாளி ஒருவரிடம் கிடைத்தது என்று பொய் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது.

“படம் கிடைச்சுது. அவனேதான். பெரிசாக்கி, மாலை போட்டு, விளக்கு வைச்சிருக்கிறன். பொழுதுபட்டால் அவனோடைதான் கதைக்கிறன். நீ போய் எட்டு வருசமாச்சு, ஒரு படம் அனுப்பேல்லை. உன்ரை முகமும் எனக்கு மறந்துபோச்சு ராசா. ஒண்டு எடுத்து அனுப்பு. கொண்ணனுக்குப் பக்கத்திலை வைக்கிறன்.”

அதுவரை அனுப்பாதது வெறும் சோம்பல்தான். இப்போது அனுப்பப் பயந்தேன். மீசையை மழித்தேன். தலையை மொட்டையடித்தேன். பல் தெரியச் சிரித்தேன். ஸ்டூடியோக்காரர் மூன்று தரம் எடுத்தார். மூன்றிலும் அண்ணன்தான் இருந்தார்.

அம்மா சாகும்வரை என் படம் ஒன்றையும் நான் அனுப்பவில்லை.