கூவம் திரும்பி ஓடிய மத்தியானம்

எழுபதுகளில் ஒரு நாள், அடையாறில், எங்கள் ஆராய்ச்சி நிலையத்து கம்ப்யூட்டர் ரூமில்...

நானும் ஷண்முகமும் சொந்தமாக ஒரு குட்டி கம்ப்யூட்டர் மொழி எழுதியிருந்தோம். (ஷண்முகம் தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பம். கடையில் உட்காராமல் கணக்குக்கு வந்துவிட்ட பிள்ளை!)

ஒரு வரி டைப் அடித்தால் உடனே பதில் வரும். இன்டர்ப்ரெட்டர்! கார்டில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை தேவுடு காக்க வேண்டாம்.

எங்கள் டைரக்டருக்கு அது விளையாட்டுச் சாமான்.

"கூட்டல் கழித்தலுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய மெஷின்? கூவத்துல சாக்கடை கலக்கற கணக்கு ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக் காட்டுங்க. வரலேன்னா அன்னியோட இதை மூடிடலாம்!"

போச்சு! அத்தனை சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க எங்கள் மொழிக்குத் தெரியாது. எழுதிச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

ஷண்முகம்தான் கேட்டார்: "மீனா, நாம ஏன் எழுதணும்? ஃபோர்ட்ரான்ல யாரோ எழுதினது டேப்புல ரெடியா இருக்கே. நம்ம மொழியிலேர்ந்து அதையே கூப்ட்டா என்ன?"

"அது வேற பாஷையாச்சே! நாம கூப்ட்டா வருமா?"

"கூப்ட்டுத்தான் பாப்போமே!"

கூப்பிட ஒரே ஒரு கட்டளை சேர்த்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். டைரக்டர் என் முதுகுக்குப் பின்னால். சிந்தாதிரிப்பேட்டையில் சாக்கடை விழுவதாகக் கணக்கு. தட்டினேன். டெலிடைப் கடகடவென்று காகிதத்தில் அடித்தது.

பதில் வந்துவிட்டது! கடல் பக்கம் தண்ணீர் படுசுத்தம். அழுக்கு முழுக்க மேற்கே!

"ஏம்மா, உங்க மொழியில கூவம் கடல்லேர்ந்து கோயம்பேட்டுக்கு ஓடுதா?"

எனக்குக் காகிதத்தைக் கீழே வைக்க மனமில்லை. எண்கள் தாறுமாறாக இல்லை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மேற்கே போகப் போக அழகாகக் குறைந்துகொண்டே போயின.

"ஷண்முகம், தப்பு இவ்ளோ ஒழுங்கா வருமோ? அது கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கு. நாமதான் எண் அட்டவணையை மாத்தி அடுக்கிக் குடுத்துட்டோம்!"

அதேதான்! நாங்கள் எண்களை இடமிருந்து வலமாக அடுக்கினோம். ஃபோர்ட்ரான் மேலிருந்து கீழாக எடுத்துக்கொள்ளும். எந்த இடத்து அழுக்கு எந்த இடத்துக்குப் போகிறது என்பதே மாறிவிட்டது. ஆறும் திரும்பிக்கொண்டது!

"சார், ஒரு நிமிஷம் சார்!"

அட்டவணையைத் திருப்பி அடுக்க ஒரு வரி சேர்த்தேன். (இன்டர்ப்ரெட்டர் ஆச்சே, உட்கார்ந்த இடத்திலேயே திருத்தலாம்!)

மறுபடி கடகட. கூவம் சமர்த்தாகக் கடலுக்குப் போனது!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த ஊரிலோ யாரோ எழுதியது. அவருக்குக் கூவம் தெரியாது. எங்கள் மொழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியும் கூப்பிட்டதும் வந்து கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாரே! இன்று எல்லோரும் சாதாரணமாகச் செய்வதுதான். அன்று என்னால் நம்பவே முடியவில்லை.

டைரக்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த டேப்புல இன்னும் யார் யார் எழுதினது இருக்கு?"

"நிறைய பேர் எழுதினது இருக்கு சார்."

"அப்போ எல்லாரையும் கூப்பிடும்மா!"