நடுவில் நான்கு

வேலையில் சுத்தமானவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

எழுபதுகளில் திருவொற்றியூரில், மண் பரிசோதனை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் ஆட்கள் எண்ணூர்க் கரையில் துளை போட்டு, குழாயை இறக்கி, அதன் தலையில் சம்மட்டியை விழவிடுவார்கள். குறித்த அளவு இறங்க எத்தனை இடி என்று ஆழத்துக்கு ஆழம் எழுதுவார்கள். இடி அதிகமென்றால் மண் கெட்டி. அந்த எண்களை நான் டைப் அடித்து, ஊரின் மறுகோடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு கல்லூரிக்கு அனுப்புவேன். அவர்கள் அவற்றைப் பஞ்ச் கார்டில் ஏற்றி, மேலே கட்டுவது எவ்வளவு அமுங்கும் என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தாள் திரும்பி வந்துவிடும். இரண்டு முறை வந்து, மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துளை போடும் மேஸ்திரி ராயபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஓர் எண்ணெய் டாங்கிக்காகப் போட்ட துளையின் தாளில், எண் இருக்க வேண்டிய ஒரு கட்டத்தில் ‘தானா எறங்கிச்சு’ என்று எழுதியிருந்தார்.

“இதுக்கு நம்பர் எங்கண்ணே?”

“இன்னா நம்பரு? கொயாய வெச்சேன், அதுவா உள்ள பூட்சு. சம்மட்டிய தொடவே இல்ல. கீய கஞ்சி மாதிரி கீது. அத அப்டியே எய்து தங்கச்சி.”

சரிண்ணே என்று தலையாட்டினேன். எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் வார்த்தைக்கு இடமில்லை. பூஜ்யம் போட்டால் வேலையைச் செய்யாமல் விட்டது போலத் தெரியும் என்று நினைத்தேன். மேல் கட்டத்தில் ஐந்து, கீழ்க் கட்டத்தில் மூன்று. நடுவில் நான்கு போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. தாள் திரும்பி வரவில்லை.

மறு வருஷம் டாங்கியைக் கட்டி முடித்து, சோதனைக்காகத் தண்ணீர் நிரப்பினார்கள். பாதி நிரம்புவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. பழி மேஸ்திரி தலையில் விழுந்தது. ‘இடித்துப் பார்க்காமலே எண் எழுதினேன்’ என்று ஒரு கடிதத்தைத் தயார் செய்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகச் சொன்னார் மேனேஜர்.

“நா நாலுன்னு எய்தல சார்,” என்றார் மேஸ்திரி. அதையே மறுபடியும் சொன்னார்.

அவர் எழுதிய தாள் என் இழுப்பறையில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. டைப்ரைட்டரில் ஒரு வரி அடித்தேன், என்ன வரியோ. பிறகு எழுந்து போய் அந்தத் தாளை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன்.

“அந்த நாலு நான் போட்டது சார்.”

மேனேஜர் தாளைப் படித்தார். மேஸ்திரிக்கு வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். மாசக் கடைசியோடு என்னை நின்றுகொள்ளச் சொன்னார். அது நியாயம்தான்.

வெளியே மேஸ்திரி எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“காலேஜ்ல அந்த நம்பர வேற யாருக்குனா குட்தாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த நினைப்பே எனக்கு வந்திருக்கவில்லை. மறுநாள் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் அந்தக் கார்டைத் தேடி எடுத்துக் கிழித்துவிட்டு, வேறு கார்டில் பூஜ்யம் குத்தினார். பக்கத்து மனைக்காரர்கள் இரண்டு பேர் மண் விவரம் கேட்டு வந்ததாகவும், பிரதி எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். இன்னொரு தரம் துளை போடும் செலவு அவர்களுக்கு மிச்சமாம். நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார். என் பொய்யும் சேர்ந்து போயிருந்தது.

இரண்டு இடத்துக்கும் போனேன். முதல் இடத்தில் இன்னும் கடைக்கால் தோண்டவில்லை, திருத்திக்கொண்டார்கள். அடுத்த இடத்தில் தொழிலாளர் கேன்டீன் கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தது. குமாஸ்தா என் கடிதத்தில் சீல் குத்தி வாங்கிக்கொண்டார். “கட்டடக் கணக்கெல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சும்மா,” என்றார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போதெல்லாம் அந்தப் பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். கேன்டீன் இன்னும் நேராகத்தான் நிற்கிறது. மத்தியான ரயிலென்றால், வாசலில் தட்டோடு வரிசையாக நிற்பவர்கள் தெரிவார்கள். நான் தலைகளை எண்ணத் தொடங்குவேன். எண்ணி முடிப்பதற்குள் ரயில் தாண்டிவிடும்.