கால்சியம் என்று தந்த மாத்திரை

498. ஒரகடம் தொழிற்சாலையில் சுகப்பிரியா வேலை பார்க்கும் லைனுக்கு மேலே தொங்கும் பலகையில் இன்று காலை இருந்த எண் இது. விபத்தில்லாமல் கழிந்த நாட்களின் கணக்கு. அதே லைனில் தள்ளுவண்டி மோதி அவள் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து ஏழு மாதமாகிறது.

"ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னு சொல்லிரு பிள்ள. ஐந்நூறு தொட்டா எனக்கு சூப்பர்வைசர் போஸ்ட்டு" என்று கேட்டவள் லைன் லீடர் அன்னக்கிளி. இருவருக்கும் சங்கரன்கோவில் பக்கம் ஒரே ஊர். விடுதியில் ஒரே அறை. அக்கா கேட்டால் சுகப்பிரியா மறுப்பதில்லை. அப்படியே சொன்னாள்.

எலும்பில் தகடு வைத்தார்கள். தையல் பிரித்த இடத்தில் நீர் கசிந்தது. கசியும்போதெல்லாம் அன்னக்கிளி மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டி வாங்கி வருவாள். "கால்சியம்ட்டி, போட்டுக்கோ." புண் காயும், சுகப்பிரியா லைனில் போய் நிற்பாள். மறுபடி கசியும்.

மருத்துவமனையில் கசிவை எடுத்து இரண்டு முறை கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். எதுவும் வளரவில்லை.

"கிருமியே இல்லியாம், ஆக்டிங் குடுக்கறா" என்று லைனில் சிரித்தார்கள். அன்னக்கிளியும் சிரித்தாள்.

மூன்றாம் முறை டாக்டர் வனமாமலை எலும்பிலிருந்தே துணுக்கு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு அனுப்பினார். வளர முடியாதபடி ஒடுங்கிக் கிடந்தாலும் அது காட்டிவிடும். காட்டியது: வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி.

"ஆன்டிபயாட்டிக் ஏதாவது அரைகுறையா சாப்பிட்டியாம்மா?"

"இல்ல சார். கால்சியம் மட்டுந்தான்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மெர்சி, பென்னலூர்க்காரி, கையை நீட்டினாள். சுகப்பிரியாவின் பர்ஸிலிருந்து வந்த அட்டைத் துண்டில் பாதிப் பெயர் மிச்சமிருந்தது. "இன்னாம்மா நீ, இதுவா கால்சியம்? ஆன்டிபயாட்டிக்கும்மா. இத்த போட்டுக்கினு வந்தா டெஸ்ட்டுல கிருமி எப்டி வளரும்?"

சாயங்காலம் அன்னக்கிளி வார்டுக்கு ஆப்பிளோடு வந்தாள்.

"தெரிஞ்சுதான் குடுத்தியாக்கா?"

"நீ நீளமா லீவு போட்டா எப்படி உடைஞ்சுதுன்னு தோண்டுவாங்கள்லா... ரெண்டு நாளுதான பிள்ள பாக்கி."

"காலே போயிரலாம்னு டாக்டர் சொல்லுதாரு."

அன்னக்கிளி ஆப்பிளை மேசையில் வைத்தாள். சுகப்பிரியா மெர்சியைக் கூப்பிட்டு, கால் உடைந்தது பாத்ரூமில் இல்லை, ஷிஃப்டில் என்று கேஸ் ஷீட்டில் திருத்தச் சொன்னாள்.

புதன்கிழமை தகட்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டுகிறார்கள். துணைக்கு இருக்க அம்மா ஊரிலிருந்து வருகிறாள்.