எரிந்த பானெட்டின் வாசனை

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் மூன்றாவது மாடியில் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், ஒல்லி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். காரை மெஷினால் பாலிஷ் செய்வதை ஒரு வெளிநாட்டு வீடியோ சிடியைப் போட்டுப் போட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டவர். அடிக்கடி மெஷினை நிறுத்திவிட்டு, ஜுரம் பார்ப்பதுபோல் புறங்கையைத் தகரத்தில் வைப்பார்.

எங்கள் கறுப்புக் காரில் யாரோ சைக்கிளை உரசிக் கீறிவிட்டார்கள். அது எங்கள் முதல் கார். கீறல் போய்விடும் என்று ஆசைப்பட்டு அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்குக்கு இறங்கினால், மாயாபுரி காயலான் கடையில் வாங்கிய, ஏதோ காரின் முன்மூடியான பழைய பானெட்டைச் சுவரில் சாய்த்து, அதன் ஓரத்தில் மெஷினை அழுத்திக்கொண்டிருந்தார். பெயின்ட் புகைந்தது, உரிந்து தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன சார், தப்பாயிடுச்சா?"

"இல்ல சார், வேணும்னுதான் எரிக்கேன். அந்த வீடியோக்காரன் ஒரு தடவகூட தப்பு பண்ணல. எரியப் போகுதுன்னா எப்படி இருக்கும்னு காட்டவே இல்ல. அதான் பயமா இருக்கு. இந்த வாசனை மூக்குல இருக்கட்டும்."

பிறகு என் காரின் பக்கம் திரும்பினார்.

"ஜல்தி வேண்டாம் சார், ஆராமா, நிதானமா பண்ணுங்க" என்றேன்.

மெஷின் நின்றபோதெல்லாம் இருவரும் குனிந்து மோந்து பார்த்தோம்.

கீறல் போய்விட்டது. அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, என்னுடையதும்தான். இன்றும் பளபளக்கிற காரைக் கண்டால், என் மூக்கு முதலில் அந்த எரிந்த வாசனையைத்தான் தேடுகிறது.