ரெண்டே வரிக்காரர்

அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, திரையை எட்டிப் பார்த்து, "ச்சு... ச்சு..." என்று உச்சுக் கொட்டுவார். பல்லி தோற்றது. "எதுக்குய்யா இவ்ளோ? நூத்தி இருபது வரி ப்ரோக்ராம்! நம்மளதுல ரெண்டே வரி. கொஞ்சம் நவுருங்க." நகர்ந்தாக வேண்டும். நாற்காலியில் பாதி இடம் கிடைத்தால் போதும், இரண்டு விரல்களால் தட்ட ஆரம்பித்துவிடுவார். மீதி எட்டு விரல்களும் சும்மா வேடிக்கை பார்க்கும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அலுவலகத்துக்கு அவர் ரெண்டே வரிக்காரர்.

குழாய்களிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் புட்டிகளில் வரும் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அது. அங்குள்ள கணினிக் கருவிகள் எல்லாம் கறுப்புத் திரையில் ஓடுபவை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினால் வேலை நடக்கும். எந்தக் கருவியானாலும் முதலில் தட்டியதைப் பிரித்துப் படிக்க வேண்டும், தப்பாக இருந்தால் மறுக்க வேண்டும், கேட்டால் உதவிக் குறிப்பு காட்ட வேண்டும். இந்த ஒரே பாட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். "சமைக்கிற ஒவ்வொரு தடவையும் அடுப்பையுமா செய்வீங்க?" என்று கேட்ட நம்மாள், அதை ஒரே தடவையாக எழுதி, எல்லாக் கருவிக்கும் பொதுவான நிரல் தொகுப்பாக, ஓர் உதவி லைப்ரரி ஆக்கிவிட்டார். அதற்கப்புறம் யார் கருவி செய்தாலும் அதைக் கூப்பிட்டுக்கொள்ள இரண்டு வரிதான். அலுவலகமே மூச்சு விட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், மனுஷர் கெட்டிக்காரர்தான்.

ஆனால் கருவி வாயைத் திறந்து கேள்வி கேட்டால் அவருக்குப் பொறுக்காது. தட்டுகிறவர் எதையாவது விட்டுவிட்டால் லைப்ரரியே நிரப்பிக்கொள்ளும்படி செய்தார். 'நிச்சயமா?' என்று கேட்கும் பழைய வழக்கத்தையும் பிடுங்கி எறிந்தார். "சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டா அது கருவியா, சம்பந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த நகைச்சுவையை ஆறு மாதமாவது ஓட்டியிருப்பார்.

பதிவு மேசையில் இருக்கும் அக்காவும் அன்று சிரித்தவர்தான். ஏழு வருஷமாக ஒப்பந்தத்தில் அளவுகளைப் பதிவு செய்கிறவர். நிரந்தர ஆணை இந்த மாதம் கைக்கு வந்துவிடும் என்று மேலிடமே சொல்லியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கிணற்றின் வெள்ளோட்ட அளவுகளை மட்டும் அழிப்பதற்காக 'நீக்கு' என்று தட்டினார். கிணற்றின் பெயரைத் தட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது. ஒரு கையால் போனை எடுத்தவர், மறு கையால் என்டரை அழுத்திவிட்டார். பெயரில்லையே என்று கருவி நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. காலியிடத்தில் 'எல்லாம்' என்று தானே நிரப்பிக்கொண்டு, கேள்வி முறையில்லாமல் துடைத்துவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் நகல் எடுப்பார்கள். கடைசி நகலுக்குப் பிந்தைய ஒன்பது நாள் அளவுகள் போயே போய்விட்டன. சோதித்து முடித்த தண்ணீரையோ அன்றன்றே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். ஊரெல்லாம் திரும்ப அலைந்து மாதிரி எடுக்க வேண்டியதாயிற்று.

எங்கே ஓட்டை என்று ரெண்டே வரிக்காரருக்குக் காபி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. அன்று பிற்பகலே கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினார். பெயர் இல்லாவிட்டால் இனிமேல் லைப்ரரி நிற்கும், மறுக்கும். அதுவரை சரி. ஆனால் என்ன திருத்தம் என்று குறித்துவைக்கும் இடத்தில், 'சில்லறைத் திருத்தங்கள்' என்று எழுதினார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. மறுநாள் மேலாளர் மேடம் கூப்பிட்டு, "உங்க பக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது, "கருவி சொன்னதைத்தானே மேடம் செய்யும்" என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்குக் காது மடல் சுட்டது.

விசாரணை முடியும்வரை அக்காவைக் கணினிப் பக்கம் விடவில்லை. கீழ்த்தளத்தில் காலிப் புட்டி கழுவச் சொன்னார்கள். ரெண்டே வரிக்காரர் பத்து நாள் அந்தப் படிக்கட்டையே தவிர்த்தார். பதினோராம் நாள் வேறு வழியில்லாமல் இறங்கியபோது, அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்துவிட்டார்.

"தம்பி, உங்களைப் பாக்கணும்னே இருந்தேன். உங்க கருவி மேல ஒரு குத்தமும் இல்லப்பா. அரை நாள் வேலைய அரை நிமிஷமாக்கிக் குடுத்தீங்க. நான்தான் பராக்குல தட்டிட்டேன். என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. மன்னிச்சுக்கங்க தம்பி."

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வருமா? வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: "பரவால்லக்கா, விடுங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டிய மனுஷர், மன்னித்துவிட்டு மாடியேறினார்.

அன்று ராத்திரி வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை நனைக்காமலே இருந்தார். "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டதும் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "பரவால்லக்கான்னுட்டேன்டி" என்றார். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். விடையைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அவங்க மன்னிப்புக் கேட்டாங்க, நீங்களும் பெரிய மனசு பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டீங்களாக்கும்."

"நாளைக்கு அறிக்கையில கையெழுத்து. நிபுணர்னு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. இப்பப் போய்ச் சொன்னா, இத்தன நாள் ஏன்டா மறைச்சேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்கதான். நல்லாக் கேக்கட்டுமே."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தப்பு செய்ததற்குக்கூட இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை எழுந்து பாகனைக் காட்டிக்கொடுத்ததே, அதற்குத்தான்.

மறுநாள் மேலாளர் மேடத்தின் அறையில் மூன்று நாற்காலிகள். அறிக்கை ஒரே பக்கம். காரணம் என்ற இடத்தில் 'பதிவாளரின் கவனக்குறைவு' என்று அச்சாகியிருந்தது. அக்காவின் கோப்பில் அந்தத் தாள் ஏறினால், ஆணை வந்த வழியே திரும்பிவிடும். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க பாத்துட்டுப் போட்டுடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்று மேடம் பேனாவை நீட்டினார். அக்கா தலையைக் குனிந்து மடியில் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். புட்டி கழுவிக் கழுவி நகக்கண்ணெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

ரெண்டே வரிக்காரர் பேனாவை வாங்கினார்.  பிறகு 'பதிவாளரின்' என்பதை ஒரு கோட்டால் அடித்தார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடியும் அடித்தார். தாள் லேசாகக் கிழிந்தது. அதன் மேல் தன் முழுப் பெயரை எழுதினார். பக்கத்தில் லைப்ரரியின் ஓட்டையை எந்தத் தேதியில் திருத்தினார், எத்தனை நாள் மறைத்தார் என்பதையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் மேடம்.

 அவர் தாளை மேடத்திடம் கொடுக்காமல் அக்கா பக்கம் நகர்த்தினார். "நீங்க படிங்கக்கா" என்றார். 

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிமேல் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். விரல் பாதித் தாளில் நின்றது. அவர் நிமிர்வதற்குள் ரெண்டே வரிக்காரர் நாற்காலியிலிருந்து குனிந்து, இறுக்கமாகவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.