பின்வரிசைப் பாய்

என்னைப் போல மடையன் யாழ்ப்பாணத்தில் இல்லை. சுவிசேஷம் எல்லாருக்குமான நற்செய்தி என்று ஞாயிறு பள்ளியில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியதோடு நில்லாமல், அதை நம்பியும் விட்டேன்.

இன்று பழைய வகுப்புத் தோழன் செல்வத்தோடு சந்தைக்குப் போனேன். புதுப் பாய் மணத்ததும் எங்கள் தேவாலயம் நினைவில் வந்தது. எங்களுக்கு இருக்க மெருகிட்ட மர வாங்கு; சாதி சொல்லித் தள்ளிவைத்த செல்வத்தின் வீட்டாருக்குப் பின்னால் பாய். சின்ன வயதில் ஒரு ஞாயிறு நான் போய் அவனருகே பாயில் இருந்தேன். பிரசங்கித்துக்கொண்டிருந்த அப்பா இறங்கிவந்து, செல்வத்தின் வீட்டாரைக் காட்டி என் காதைத் திருகினார்.

"எழும்படா. உது அவையின்ரை இடம்."

எந்த வாயால் அந்த மனுசன் திரும்ப ஏறி நற்செய்தி சொன்னார்? நானும் காதைத் தடவிக்கொண்டு வாங்கிலிருந்து ஆமென் சொன்னேன்.

"அண்டைக்கு நான் பாயிலையே இருந்திருக்க வேணுமடா," என்றேன் செல்வத்திடம்.

"நாங்கள் கேட்டது வாங்கிலை இடம்."